மல்லாட்டையும் பாதாமும்: கொட்டைப் பருப்புகள் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நிலக்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. மார்க்கெட் கமிட்டி விலைப்பட்டியலில் அதுவே மணிலா. ஆடிப்பட்டத்தில் மானாவாரியாகவும், மார்கழிப்பட்டத்தில் கிணற்றுப் பாசனத்திலும் விளைகிறது. கொடியிலிருந்து ஆய்ந்து, காயவைத்து, மூட்டை கட்டி விற்றுவிடுகிறோம். பிறகு அது நம் வீட்டுக்குள் எண்ணெயாகவும் சட்னியாகவும்தான் திரும்பி வருகிறது. அதே வீட்டு அலமாரியில், சவூதியிலிருந்தோ துபாயிலிருந்தோ மகன் கொண்டுவந்த பாதாமும் பிஸ்தாவும் விருந்தாளிக்கென்று பத்திரமாக இருக்கும். விருந்தாளி வருவதற்குள் சிக்கு வாடை வந்துவிடும்.

மகள் பிள்ளையுண்டாகித் தாய்வீடு வந்தால் கடன் வாங்கியாவது அரைக்கிலோ பாதாம் வாங்கும் குடும்பங்களை நாம் அறிவோம். பாதாம் தின்றால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும், மூளை வளரும் என்ற பேச்சு அதற்குக் காரணம். இன்னொரு பக்கம், மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பெரியவருக்கு "மல்லாட்டையைத் தொடாதீங்க, கொலஸ்ட்ரால் ஏறிடும்" என்று உறவினர்களே மருத்துவம் சொல்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்கும் அதே தடை. முதல் பேச்சால் ஏழைக் குடும்பத்தின் பணம் வீணாகிறது. இரண்டாவது பேச்சால், நோயாளிக்கு நன்மை தரக்கூடிய உணவு அவர் தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. இரண்டும் தவறு. கொட்டைப் பருப்புகளால் கிடைக்கும் நன்மைகளில் பெரும்பகுதி நம் கொல்லையில் விளையும் மல்லாட்டையிலேயே இருக்கிறது. விலையோ, ஒரு கிலோ பாதாம் வாங்கும் பணத்தில் ஐந்து கிலோ வாங்கலாம் என்ற அளவில்தான்.

மார்க்கத்தின் பெயரால் பரவும் செய்திகள்

உடல்நலம் பற்றிப் பேசுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது ஆலிம்கள் என்ற வகையில் நம் கடமை. "நபிவழி மருத்துவம்" என்ற தலைப்பில் பாதாம், முந்திரி, நிலக்கடலை பற்றிய செய்திகள் வாட்ஸ்அப்பில் வலம் வருகின்றன. ஏழு பாதாம் தின்றால் இன்ன நோய் தீரும், கடலை தின்றால் நினைவாற்றல் பெருகும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகவே சில செய்திகளில் எழுதியிருக்கிறார்கள்.

திருக்குர்ஆன் பேரீச்சை, திராட்சை, மாதுளை, ஆலிவ், அத்தி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பாதாம், முந்திரி, நிலக்கடலை ஆகியவற்றின் பெயர் அதில் இல்லை. நிலக்கடலையும் முந்திரியும் நபியவர்களின் காலத்து அரபு நாட்டில் இருந்திருக்கவே முடியாது. இரண்டும் தென் அமெரிக்காவுக்கு உரியவை. ஐரோப்பியர் கடல் தாண்டி அங்கே சென்றது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதற்குப் பிறகே அவை மற்றக் கண்டங்களுக்கு வந்தன. முந்திரியைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். நிலக்கடலை வந்த வழியை அதன் பெயரே சொல்கிறது. ஸ்பானியர் பசிபிக் கடல் வழியே பிலிப்பைன்சுக்குக் கொண்டு சேர்த்த பயிர், அந்நாட்டுத் தலைநகரின் பெயரால் நம் பக்கம் மணிலாக்கொட்டை ஆனது. அது மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகத் தேய்ந்தது என்பர். பின்னாளில் தென்னார்க்காடு மாவட்டமே இதன் விளைச்சலுக்குப் பேர்போனதாகி, பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது.

ஆகவே நிலக்கடலை பற்றி ஒரு "ஹதீஸ்" வந்தால் அதன் அறிவிப்பாளர் தொடரைத் தேடக்கூடத் தேவையில்லை. அது இட்டுக்கட்டப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாகத் தெரிந்தே சொல்பவருக்கு நரகம் பற்றிய கடும் எச்சரிக்கை இருப்பதை நாம் அறிவோம். நன்மையான உணவுதானே, பகிர்ந்தால் என்ன என்று எண்ணி அனுப்பிவிடக் கூடாது.

பாதாம் அரபுலகில் பழங்காலம் தொட்டே இருந்தது உண்மை. இப்னு சீனா தமது அல்கானூன் நூலில் அதன் குணங்களைப் பேசுகிறார். அது ஒரு மருத்துவரின் ஆய்வு. மதிக்கலாம், சோதித்தும் பார்க்கலாம். வஹீயாக எடுத்துக்கொள்ள முடியாது. மதீனாவில் பேரீச்சை மகரந்தச் சேர்க்கை விஷயத்தில், உலகத் தொழில் சார்ந்ததை அதை அறிந்தவர்களிடமே நபியவர்கள் விட்டுவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அந்தச் செய்தி உள்ளது. உணவின் பலன்களையும் நாம் அத்துறை அறிந்தவர்களிடமே கேட்க வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

கொட்டைப் பருப்புகளுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் பெரிய அளவில் காட்டியது ஒரு மதச் சமூகத்தின் மீது நடந்த ஆய்வு என்பது நமக்குச் சுவையான செய்தி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழும் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் மதுவும் புகையும் தவிர்ப்பவர்கள், பலர் சைவ உணவினர். அவர்களில் 31,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து லோமா லிண்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1992இல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் நான்கு முறைக்கு மேல் கொட்டைப் பருப்பு தின்றவர்களுக்கு, வாரம் ஒருமுறைகூடத் தின்னாதவர்களோடு ஒப்பிட்டால் மாரடைப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. கொழுப்பு மிகுந்த உணவு இதயத்துக்கு ஆகாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. அதனால் பலருக்கு நம்பக் கடினமாக இருந்தது.

பின்னர் 2013இல், அமெரிக்கச் செவிலியர்கள், சுகாதாரப் பணியாளர்கள் சுமார் 1,19,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வு வந்தது. தினமும் கொட்டைப் பருப்பு தின்றவர்களிடையே, எந்தக் காரணத்தாலும் நேரும் மரணம், அறவே தின்னாதவர்களைவிட 20 சதவீதம் குறைவு. நிலக்கடலைக்கும் மரத்தில் காய்க்கும் மற்றப் பருப்புகளுக்கும் பலனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

ஆனால் பருப்பு தின்பவர்கள் வசதியானவர்களாகவும், உடற்பயிற்சி செய்பவர்களாகவும் இருப்பார்களே, அதனால்தான் நீண்டநாள் வாழ்கிறார்களோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஓரளவு விடை தருவது 2015இல் வெளியான வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வருமானம் குறைந்த மக்கள் 71,000க்கும் மேற்பட்டோரையும், சீனாவின் ஷாங்காய் நகரத்தில் 1,34,000க்கும் மேற்பட்டோரையும் அதில் சேர்த்தார்கள். இவர்கள் பிஸ்தா வாங்கும் மக்கள் அல்லர். இவர்கள் தின்றதில் பெரும்பங்கு நிலக்கடலை. அதிகம் தின்றவர்களிடையே மரண விகிதம் அமெரிக்காவில் 21 சதவீதமும் ஷாங்காயில் 17 சதவீதமும் குறைவாக இருந்தது. ஏழைகளுக்கும் கைக்கெட்டும் விலையில் உள்ள உணவிலேயே இந்தப் பலன் தெரிவதால், தியாகதுருகத்து வாசகர்களுக்கு மற்ற ஆய்வுகளைவிட இதுவே நெருக்கமானது.

வெறுமனே கவனித்த ஆய்வுகள் இவை. உணவைக் கொடுத்துச் சோதித்த ஆய்வும் உண்டு. ஸ்பெயினில் 55 முதல் 80 வயது வரையிலான 7,447 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 30 கிராம் அக்ரூட், பாதாம், ஹேசல்நட் கலவை கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அவர்களிடம் சுமார் 28 சதவீதம் குறைந்தன. 2013இல் வந்த இந்த ஆய்வில், ஆட்களைப் பிரித்த முறையில் சில மையங்களில் பிழை இருந்தது தெரியவந்ததும், ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்று, பிழையைக் கணக்கில் எடுத்து மறுபடி கணித்து 2018இல் வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய மாறவில்லை. அறிவிப்பாளர் ஒருவரிடம் குறை கண்டால் அறிவிப்பையே எடுத்துவைத்துச் சோதித்த நம் முஹத்திஸ்களின் வழிமுறை நினைவுக்கு வருகிறது.

நம் மாநிலத்திலேயே நடந்த சோதனை ஒன்று. சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள 300 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் வழக்கமான சர்க்கரை நோய் உணவோடு தினமும் 30 கிராம் உப்பில்லாத முந்திரி தின்றார்கள். 12 வாரங்கள். முந்திரி தின்றவர்களுக்கு எடை கூடவில்லை, சர்க்கரை ஏறவில்லை, கெட்ட கொழுப்பு கூடவில்லை. இரத்த அழுத்தத்தின் மேல் எண் சுமார் 5 புள்ளி குறைந்தது (மற்றப் பிரிவில் 2க்கும் குறைவு). நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். சற்றே உயர்ந்தது. 2018இல் இது வெளிவந்தது. பண்ருட்டி முந்திரிக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருந்துகொண்டே "சர்க்கரை இருக்கு, முந்திரி வேண்டாம்" என்று பயந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முந்திரி சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அளவோடு தின்றால் கெடுதல் இல்லை, சிறிது நன்மையும் உண்டு என்பதே அதன் முடிவு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆதரவு ஆய்வு 2023இல் கணித்திருக்கும்போது, இது சின்னச் செய்தி அல்ல.

கொழுப்பு உண்டு, கொலஸ்ட்ரால் இல்லை

மல்லாட்டையில் பாதிக்குப் பாதி கொழுப்புதான். 100 கிராமில் 49 கிராம். ஆனால் கொலஸ்ட்ரால் துளியும் இல்லை. கொலஸ்ட்ரால் என்பது இறைச்சி, முட்டை, பால் போன்ற உயிரினப் பொருட்களில் இருப்பது. செடியிலும் மரத்திலும் விளைந்த பருப்பில் அது இருக்காது. மல்லாட்டைக் கொழுப்பின் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. டால்டாவும் நெய்யும் தரும் கொழுப்புக்குப் பதிலாக இது உடலுக்குள் போகும்போது இரத்தத்தில் கெட்ட கொழுப்பு குறைகிறது. பருப்பிலுள்ள ஸ்டெரால் என்ற பொருள், குடலில் கொலஸ்ட்ராலோடு போட்டியிட்டு அது இரத்தத்தில் சேர்வதைக் குறைக்கிறது. கொழுப்பும் புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்திருப்பதால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. பசி தாமதமாக வருகிறது, சர்க்கரையும் மெல்ல ஏறுகிறது.

30 கிராம் மல்லாட்டையில் 7 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். பாதாமை இதோடு வைத்துப் பார்த்தால், புரதத்தில் மல்லாட்டையே ஒரு படி மேல் (100 கிராமுக்கு 25, பாதாமில் 21). கால்சியத்திலும் வைட்டமின் ஈ சத்திலும் பாதாம் முந்துகிறது. அக்ரூட்டில் மட்டும், மற்றவற்றில் அதிகம் இல்லாத ஒமேகா-3 வகைக் கொழுப்பு நிறைய உண்டு. முந்திரியில் மாவுச்சத்து சற்று அதிகம். பிஸ்தாவைப் பற்றித் தனியாகச் சொல்ல எதுவுமில்லை, உப்பில்லாமல் கிடைத்தால் நல்லது. குழந்தையின் நிறத்துக்கும் இவற்றில் எதற்கும் தொடர்பு இல்லை. நிறம் பெற்றோர் வழி வருவது.

கர்ப்பிணிகளுக்கு மல்லாட்டை தரும் இன்னொரு சத்து ஃபோலேட். சிசுவின் தண்டுவடம் சரியாக உருவாக அது வேண்டும். என்றாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஃபோலிக் அமில, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு மல்லாட்டையோ பாதாமோ ஈடாகாது. பேரீச்சையும் பாதாமும் தின்கிறோமே என்று மாத்திரையைத் தூக்கி எறியும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பிரசவ நேரத்து இரத்தச்சோகை தாயின் உயிரையே பறிக்கக்கூடியது. மாமியார்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

எவ்வளவு, எப்படி

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலும் வரும் அளவு நாளொன்றுக்கு 30 கிராம். தோல் நீக்கிய பருப்பில் ஒரு சிறு கைப்பிடி. பாதாம் என்றால் 23 அளவில் வரும், முந்திரி என்றால் 18. அதில் சுமார் 170 கலோரி இருக்கிறது. இதை வழக்கமான உணவுக்கு மேல் கூடுதலாகச் சேர்த்தால் எடை கூடும். மாலை நேரத்து பஜ்ஜியையோ பிஸ்கட்டையோ எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைக்க வேண்டும். அமெரிக்க வேளாண்துறை 2012இல் செய்த சோதனையில், முழுப் பாதாமைத் தின்றவர் உடலில் சேர்ந்த கலோரி, பட்டியலில் இருப்பதைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு என்று தெரிந்தது. பருப்பின் கடினமான செல் சுவருக்குள் சிக்கிய கொழுப்பு செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. அதற்காக அள்ளி அள்ளித் தின்னக் கூடாது. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் உண்பதையும் பருகுவதையும் அனுமதித்த அதே இடத்தில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறது. வயிற்றை மூன்றாகப் பகுக்கச் சொல்லும் ஹதீஸும் வாசகர்கள் அறிந்ததே.

வேகவைத்த மல்லாட்டை நல்லது. தோலோடு வேகவைக்கும்போது உப்பைக் குறைவாகப் போட வேண்டும். மணலில் வறுத்ததும் நல்லது. கடலைமாவு பூசி எண்ணெயில் பொரித்த மசாலாக் கடலைப் பொட்டலங்கள் இந்தக் கணக்கில் சேராது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் சுவையானது, 2020இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் பாதி வெல்லம். பிள்ளைகளுக்குப் பொருந்தும், சர்க்கரை நோயாளிக்குப் பொருந்தாது. பாதாம் அல்வா, நெய்யில் பொரித்து ஜர்தாவில் தூவிய முந்திரி, பாக்கெட் பாதாம் பால் இவற்றையெல்லாம் "நட்ஸ் சாப்பிட்டோம்" என்று கணக்கில் எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பாதாமை ஊறவைத்துத் தோலுரித்துத்தான் தின்ன வேண்டும் என்பதற்கும் பெரிய ஆதாரம் இல்லை. பல் இல்லாத முதியவர்களுக்கு ஊறவைப்பது வசதி, அவ்வளவே. தோலிலும் சத்து உண்டு. மல்லாட்டையின் சிவப்புத் தோலும் அப்படியே.

ரமலானில் ஸஹருக்கு ஒரு கைப்பிடி உப்பில்லாத பருப்பு மிகவும் பொருத்தம். பசி எடுப்பதைத் தள்ளிப்போடும். உப்பிட்டதைத் தின்றால் பகலில் தாகம் வாட்டும். இஃப்தாரில் நோன்புக் கஞ்சிக்குத் துணையாக வடை, சமோசா, பஜ்ஜி என்று எண்ணெய்த் தட்டுகள் நிறைவதை நாம் பார்க்கிறோம். அந்தத் தட்டுகளில் ஒன்றை வேகவைத்த மல்லாட்டைக்கு விட்டுக்கொடுக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகிகள் நினைத்தால் இது ஒரே நாளில் ஆகக்கூடிய காரியம். செலவும் குறையும்.

கறுத்த பருப்பு, கசந்த பருப்பு

மல்லாட்டையில் ஓர் உண்மையான ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றி நம் பகுதியில் போதிய பேச்சு இல்லை. விவசாயிகளும் வியாபாரிகளும் நம்மில் பலர் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

1960இல் இங்கிலாந்தின் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. காரணம் தேடியவர்கள், பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்குத் தீவனத்தைக் கண்டுபிடித்தார்கள். அதில் வளர்ந்திருந்த ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கிய நச்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். இந்த நச்சு சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரும். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. ஒரே தடவையில் அதிகம் சேர்ந்தால் உடனேயே உயிரைப் பறிக்கும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். நம் வட்டாரத்தில் மக்காச்சோளமும் விளைகிறது என்பதால் இதையும் சொல்லிவைக்கிறோம்.

அறுவடைக்கு முன் வறட்சியில் காய் வெடித்தாலோ, பிடுங்கிய பின் மழையில் நனைந்தாலோ, சரியாகக் காயாமல் மூட்டை கட்டினாலோ இந்தப் பூஞ்சை பிடிக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் பூஞ்சை சாகலாம், நச்சு முழுமையாகப் போகாது. அப்படிப்பட்ட பருப்பைச் செக்கில் ஆட்டினால் நச்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற பசுவின் பாலில் அதன் இன்னொரு வடிவம் இறங்கி, பால் குடிக்கும் குழந்தையிடம் வந்து சேரும். சுத்திகரிக்காத எண்ணெயிலும் ஓரளவு இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. சுருங்கியது, நிறம் மாறியது, பச்சையாகவோ கறுப்பாகவோ பொடி படிந்தது என எதையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். வாயில் போட்டுக் கசந்தால் துப்பிவிட வேண்டும், மரியாதை பார்த்து விழுங்கக் கூடாது. ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாமல் எரித்துவிடலாம். நன்றாகக் காய்ந்த மல்லாட்டையைத் தோட்டோடு வைத்தால் நெடுநாள் கெடாது. உடைத்த பருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி வைக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வந்த பொட்டலங்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் சிக்கு அடிக்காது. அதைவிட, வந்த மாதமே வீட்டிலுள்ளவர்கள் தின்றுவிடுவது மேல்.

வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியது ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்ததாக வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடுமையாகச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. நல்ல பருப்போடு நனைந்த பருப்பைக் கலந்து மூட்டை தைப்பது, கறுத்ததை மட்டும் தனியாக எடுத்து மலிவு விலையில் சட்னிப் பொடிக்கும் மிட்டாய்க்கும் தள்ளுவது ஆகியவை வெறும் தரக்குறைவு அல்ல. தின்பவரின் கல்லீரலோடு சம்பந்தப்பட்டவை. அந்தப் பணம் ஹலாலாகுமா என்று நம்மிடம் கேட்டால், ஆகாது என்றே சொல்வோம்.

குழந்தைகள் விஷயத்தில்

முழுப் பருப்பை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. புரையேறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நம் நாட்டில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் வெளியே எடுக்கும் பொருட்களில் அடிக்கடி வருவது நிலக்கடலைதான். பருப்பு தின்றுகொண்டிருந்த குழந்தை திடீரென்று இருமி, பிறகு சரியாகிவிட்டதுபோல் தோன்றினாலும், மூச்சில் விசில் போன்ற சத்தமோ விடாத இருமலோ இருந்தால் மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கல்யாண வீட்டில் கைக்குழந்தைக்கு முந்திரி ஊட்டி விளையாடும் உறவினர்களைத் தடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

அரைத்த விழுதாகக் கொடுக்கலாம். இதில் மருத்துவ உலகமே தன் கருத்தை மாற்றிக்கொண்டது. கடலை ஒவ்வாமை வரும் என்று பயந்து, குடும்பத்தில் ஒவ்வாமை உள்ள கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நிலக்கடலையைத் தவிர்க்கச் சொல்லி பிரிட்டன் அரசு 1998இல் அறிவுரை கொடுத்தது. 2009இல் அதைத் திரும்பப் பெற்றது. லண்டனில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2015இல் வெளியிட்ட முடிவு, முதல் வயதுக்குள்ளேயே கடலை உணவு கொடுத்துத் தொடர்ந்தவர்களுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்திருந்ததைக் காட்டியது. ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கும்போது, மல்லாட்டையை நைசாக அரைத்துக் கஞ்சியில் சிறிது கலந்து கொடுக்கலாம். கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தையென்றால் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். தின்றவுடன் உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் அது உயிர்போகும் நிலை. ஓதி ஊதுவதற்காக யாரையும் தேடாமல் நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். துஆவை வண்டியில் போகும்போதே செய்யலாம்.

பெரியவர்களில் சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் கைப்பிடிக் கணக்கைத் தாமாகத் தொடங்கக் கூடாது. பருப்புகளில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் அவர்களுக்குக் கெடுதல் செய்யலாம். அடிக்கடி சிறுநீரகக் கல் வருபவர்கள் பாதாமையும் முந்திரியையும் குறைத்துக்கொள்வது நல்லது. ஆக்சலேட் அதிகம்.

உதவிப் பொட்டலங்களில்

காஸா, யமன், சோமாலியா செய்திகளில், எலும்பும் தோலுமாக உள்ள குழந்தையின் வாயில் தாய் ஒரு சிறு பாக்கெட்டைப் பிதுக்கிவிடும் காட்சியைப் பலரும் பார்த்திருப்போம். அந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பது முக்கியமாக நிலக்கடலை விழுதுதான். அதோடு பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், தாதுச் சத்துகள். 1996இல் ஆந்த்ரே பிரியாந் என்ற பிரெஞ்சுக் குழந்தை மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுப் பொறியாளரும் இதை உருவாக்கினார்கள். 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், காய்ச்ச வேண்டாம், எளிதில் கெடாது. சுத்தமான தண்ணீரும் அடுப்பும் இல்லாத இடத்தில் குழந்தைகளை மீட்டெடுப்பது இந்த விழுதுதான்.

நம் ஊர் ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் ரமலானில் கொடுக்கும் உதவிப் பொட்டலங்களில் சேமியா, சர்க்கரை, டால்டா, மைதா, ரவை என்றுதான் பட்டியல் இருக்கிறது. புரதம் என்று சொல்ல அதில் கொஞ்சம் பருப்பு இருந்தால் உண்டு. டால்டாவை எடுத்துவிட்டு, பூஞ்சையில்லாமல் பொறுக்கி எடுத்த மல்லாட்டைப் பருப்பு ஒரு கிலோ வைத்தால், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வார ஸஹருக்கு ஆளுக்கொரு கைப்பிடி வரும். மாதம் முழுவதற்கும் நாலு கிலோ. சந்தா வசூலிக்கும்போதே, விளைவித்த விவசாயியிடம் மூட்டையாகப் பேசி வாங்கினால் விலையும் கட்டுப்படியாகும், அவருக்கும் நாலு காசு கூடக் கிடைக்கும். பொறுக்கும் வேலைக்கு மதரஸா மாணவர்களைவிட வீட்டுப் பெண்களே கைதேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கூலியும் கொடுத்துவிட வேண்டும்.